இடப்பக்கம் இழுக்கும் சைக்கிள்

புரட்டாசி 4, சனி

பெருமாளே துணை.

முதல் சனி. விடியும் முன்பே தலைக்குக் குளித்து மாவிளக்கு ஏற்றித் தளிகை போட்டாயிற்று. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, உளுந்து வடை, சுண்டல், பூசணிக் கூட்டு. பேப்பர் போட்டுவிட்டுச் சீக்கிரம் வருகிறேன் என்று போனவர் வெயில் ஏறின பிறகுதான் வந்தார். இடது முழங்கால் சிராய்த்து வேட்டியில் ரத்தக் கறை. பெருமாள் கோயில் தெருச் சாக்கடைக்குள் சைக்கிள் இறங்கிவிட்டதாம்.

"சைக்கிள் கட்சி மாறிருச்சு கோதை. இடதுசாரி ஆயிருச்சு. நான் நேராப் போகச் சொன்னா அது இடப்பக்கமே இழுக்குது" என்றார்.

காலைக் கழுவி மஞ்சள் வைத்துவிட்டு இலை போட்டேன். நுனி இடப்பக்கம் வர, நுனி ஓரத்தில் உப்பு, ஊறுகாய், அடுத்துச் சுண்டல், கூட்டு. எப்போதும் போல இவருக்கு இடப்பக்கம் நின்று பரிமாறினேன். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு, ஊறுகாய் ஒன்றும் கிடையாதா என்று கேட்டார். சாப்பாட்டில் என்னைச் சீண்டுவது இவருக்கு வழக்கம்தான். விரதத்தோடு நிற்கிறவளிடம் இன்றைக்குமா என்று கோபம் வந்தது. இலையை எடுக்கும்போது நுனிப்பக்கம் வைத்தது வைத்தபடி இருந்தது. பசுவுக்குப் போட்டேன்.

நாளைக்கு சைக்கிளைப் பார்க்க வேண்டும்.


புரட்டாசி 5, ஞாயிறு

இந்த வீட்டில் சைக்கிள் என் பொறுப்பு. பேப்பர்க் கட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும் நேரத்தில் அருப்புக்கோட்டையில் எந்தச் சைக்கிள் கடையும் திறந்திருக்காது. அந்த நேரத்தில் பஞ்சர் ஆனால் யாரைப் போய் எழுப்புவது? சிக்கந்தர் பாய் கடை வாசலில் நின்று பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். பஞ்சர், பிரேக் கட்டை, செயின், சக்கரத்தில் கோட்டம் எடுப்பது எல்லாம் வரும். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், எழுத்தும் கணக்கும் பேப்பர் படித்து வந்தது. இதுவும் அப்படி வந்ததுதான்.

ஹேண்டில் இழுத்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் கழுத்து. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, ஹேண்டிலை மெதுவாக ஒரு பக்கம் தள்ளிவிட வேண்டும். ஊஞ்சல் மாதிரித் தானாகச் சரிய வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. எங்கள் சைக்கிள் நடுவில் ஓரிடத்தில் இடறி நின்றது. கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது. கழுத்து நட்டைக் கழற்றி, முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கை இறக்கி, பால்ரஸ் குண்டுகளைச் சோற்றுக் கரண்டியில் ஏந்தினேன். கிரீஸ் காய்ந்து கறுப்புப் பிசினாகக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவினால் குண்டுகளில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள். அவை உருளும் கிண்ணியிலும் பள்ளம்.

பாயிடம் புதுக் குண்டும் கிண்ணியும் வாங்கி வந்து, கிரீஸ் அப்பி மாட்டினேன். இப்போது வெண்ணெயில் கத்தி போகிற மாதிரித் திரும்புகிறது. இவர், "நீ ஒரு எஞ்சினியர்டி" என்றார்.

சவரம் செய்துகொண்டு வந்தவர் இடது கன்னத்தை அப்படியே விட்டிருந்தார். கண்ணாடியை உடைத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.


புரட்டாசி 7, செவ்வாய்

இன்னும் இழுக்கிறதாம்.

ஹெட்மாஸ்டர் வீட்டம்மா நேரில் வந்துவிட்டார். மூன்று நாளாகப் பேப்பர் இல்லையாம். பக்கத்து வீட்டிலும் இல்லை, அதற்கடுத்த வீட்டிலும் இல்லையாம். எதிர்சாரியில் எல்லா வீட்டுக்கும் விழுகிறதே, நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று கேட்டார். இவர் உள்ளேயிருந்து வந்து, போட்டேன், என் கையால் போட்டேன் என்று சாதித்தார். பொய் சொல்கிறவர் இல்லை.

அந்தம்மா போனபின் பையைப் பார்த்தேன். மீந்த பேப்பர் இருந்தது. ஏஜென்சியில் கூடுதலாகக் கட்டிவிட்டார்கள் என்றார். கட்டைப் பிரித்து இணைப்பு மடித்து எண்ணிக் கொடுத்ததே நான்தான்.

யோசித்துப் பார்த்ததில் இதற்கும் சைக்கிள்தான் காரணம். ஹேண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டே போகிறவருக்கு எந்த வீட்டில் போட்டோம், எதை விட்டோம் என்று எப்படி நினைவிருக்கும்? நாற்பது வருஷத் தொழிலில் ஒரு வீடு விட்டதில்லை. ஏஜென்ட் காதுக்கு இது போனால் லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

காலையில் தலைவலி என்றார். தைலம் தேய்த்தேன்.


புரட்டாசி 9, வியாழன்

பெல்லை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் நிறுத்தியபோதுதான் போயிருக்க வேண்டுமாம். போய்ப் பார்த்தால் பெல் இருந்த இடத்தில் இருக்கிறது, இடது கைப்பிடிக்குப் பக்கத்தில். அடித்துக் காட்டினேன். சத்தம் வந்த திசையைத் தேடித் திரும்பினார். அப்புறம்தான் பார்த்தார்.

"அட, கொண்டாந்து வச்சிட்டானே" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

இடது கைப்பிடி உறையில் தூசி படிந்திருக்கிறது. வலது உறை வியர்வையில் வழுவழுவென்று பளபளக்கிறது. துடைத்தேன்.


புரட்டாசி 11, சனி

இரண்டாம் சனி. இன்றைக்கும் இலையில் இடப்பாதியைத் தொடவில்லை. சோற்றைக்கூட நடுவில் கோடு கிழித்த மாதிரி வலப்பக்கத்தை மட்டும் வழித்துச் சாப்பிட்டிருக்கிறார். இன்றைக்கும் உப்பு இல்லையா என்று கேட்டார். எனக்குப் பொறுமை போயிற்று.

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? இந்தா இருக்கு, பாருங்க."

தலையைப் பிடித்துத் திருப்பாத குறைதான். இலையின் ஓரத்தில் விரலை வைத்துத் தட்டினேன். பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "இப்பத்தான வச்ச?" என்றார், சின்னக் குரலில். ஆமாம், இப்போதுதான் வைத்தேன் என்று சொன்னேன்.

சனிக்கிழமை பொய் சொன்னதற்குப் பெருமாள் மன்னிக்க வேண்டும்.


புரட்டாசி 12, ஞாயிறு

கழுத்து சரி என்றால் அடுத்தது சக்கரம். சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தேன். லேசான கோட்டம் இருந்தது. கம்பிகளை முறுக்கி எடுத்துவிட்டேன். அதோடு விடவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். இது பாய் செய்யும்போது பார்த்துக் கற்றது. சக்கரத்தில் கோளாறு என்றால், திருப்பிப் போட்டதும் இழுப்பும் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். திருப்பிப் போட்ட பிறகும் அதே பக்கம் இழுத்தால் சக்கரம் சுத்தம், கோளாறு வேறு இடத்தில்.

இவரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தெருமுனை வரை போய் வந்தார். அதே இடது பக்கம். பக்கத்து வீட்டு அன்னம்மாவின் கோலத்தை மிதித்து, சுவரை உரசிக்கொண்டு வந்தார்.

அப்படியானால் போர்க்.


புரட்டாசி 13, திங்கள்

பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை நூல் பிடித்துப் பார்த்தேன். நூல் இரண்டு ரிம்மையும் ஒட்டிக்கொண்டு போயிற்று. போர்க்கிலும் கோட்டம் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோட்டமும் உண்டல்லவா? பாயிடம் கேட்டேன். மோவாயைத் தடவிக்கொண்டு, இருக்கலாம் தங்கச்சி, இருபது வருஷ வண்டி என்றார். பழைய போர்க் ஒன்று நல்லதாகப் பொறுக்கி எடுத்து மாற்றினார். வாடகை சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றியது.

வீட்டுச் செலவுக் கணக்கில் இந்த மாதம் சைக்கிளுக்கு ஒரு பக்கமே ஆகிவிட்டது. எழுதாமல் விட மனமில்லை.


புரட்டாசி 15, புதன், ஆயுத பூஜை

சைக்கிளைக் கழுவி, கம்பி கம்பியாகத் துடைத்து, கேரியரில் வாழைக்கன்று கட்டி நிறுத்தினேன். சந்தனம் குங்குமம் வைப்பது இவர் வேலை. கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனேன். வந்து பார்த்தால் வலது கைப்பிடி, வலது பெடல், மட்கார்டின் வலப்பக்கம் மட்டும் பொட்டு. இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. இவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பி நின்றார்.

மறுபக்கம் போய் நான் வைத்துவிட்டேன். சூடம் காட்டினேன். சைக்கிளுக்குக் காட்டிவிட்டு இவருக்கும் ஒருமுறை காட்டினேன். இது என்ன புதுசாக இருக்கிறது என்று கேட்டார்.


புரட்டாசி 17, வெள்ளி

மார்க்கெட் பக்கம் ஓரமாக நின்றுகொண்டிருந்த மினி வேனில் போய் இடித்துவிட்டார். வேன் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. பேப்பரெல்லாம் ரோட்டில். பாய்தான் பார்த்து ஒரு கையில் இவரையும் ஒரு கையில் சைக்கிளையும் பிடித்துக்கொண்டு வந்தார். இடது கை விரல் இரண்டு கிழிந்து சொட்டுகிறது. துணியைச் சுற்றும்போது, "யாருக்கு ரத்தம்?" என்று இவர் கேட்டார்.

பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அறுபது வயது மனுஷன், தெருவின் நடுவில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டினார். கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. திரும்பியும் அப்படியே வந்தார். இறங்கி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தங்கச்சி, வண்டியில ஒண்ணும் இல்லம்மா. மாப்ளையக் கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போர்க்கை ஒழுங்காக மாட்டத் தெரியாமல் பழியை ஆள் மேல் போடுகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

கையை விட்டு ஓட்டுவது வேறு, பாரம் ஏற்றி ஓட்டுவது வேறு. பாரத்தோடு ஓட்டினால் இழுக்கும்.


புரட்டாசி 18, சனி

மூன்றாம் சனி. உப்பு அப்படியே இருந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, "கோதை, எங்க போயிட்ட?" என்று அடுப்படியைப் பார்த்துக் கூப்பிட்டார்.


புரட்டாசி 19, ஞாயிறு

இன்று காலை இவரைப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் பேப்பர் கொண்டுபோனேன். ஆண்கள் சைக்கிள், சேலையோடு ஏற முடியாது. தள்ளிக்கொண்டே போனேன். கேரியரிலும் பாரில் மாட்டிய பையிலும் முழுப் பாரம்.

பெருமாள் கோயில் தெருவில் ஆள் இல்லை. ஹேண்டிலை விட்டுவிட்டு, பின்னாலிருந்து சீட்டை மட்டும் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். ஹேண்டிலில் சின்னக் கோளாறு இருந்தாலும் இப்படித் தள்ளினால் முன் சக்கரம் மடங்கி விழுந்துவிடும். விழவில்லை. எனக்கு முன்னால் அது தானாக நேரே போயிற்று, கோயில் வாசல் வரைக்கும். கதவு சாத்தியிருந்தது. வெளியிலிருந்தே சேவித்துவிட்டு, கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு தடவையும் தள்ளிப் பார்த்தேன்.

ஹெட்மாஸ்டர் வீட்டம்மா பேப்பரைக் கையில் வாங்கிக்கொண்டு, நீயா வந்தாய், அவருக்கு என்ன என்று கேட்டார். சைக்கிள் சரியில்லை என்றேன்.

திரும்பி வரும்போது பாய் கடையில் நின்று, ரோட்டுப் பிள்ளையார் கோயில் பக்கத்து டாக்டர் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாரா என்று கேட்டேன். கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கூடவே வந்தார். முந்தாநாள் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இவரைக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் இவருடைய இரண்டு கண்ணுக்கும் பக்கவாட்டில் விரலை ஆட்டிப் பார்த்தார். மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.


புரட்டாசி 20, திங்கள்

மதுரை. தலையைப் படம் எடுத்தார்கள். அதற்கு முன் ஒரு சின்ன வயது டாக்டர் இவரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஒரு நீளக் கோடு போட்டு, இதற்கு நடு எங்கே, புள்ளி வையுங்கள் என்றார். இவர் வலது ஓரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஏதாவது படம் வரையச் சொன்னார். எனக்குத் தெரிந்தது சைக்கிள்தான், வரையட்டுமா என்று கேட்டார் இவர்.

ரசித்து ரசித்து வரைந்தார். பின் சக்கரம், கம்பி கம்பியாக. செயின், கேரியர், அதில் பேப்பர்க் கட்டுக்கூட. சீட்டு. அதோடு பேனாவை வைத்துவிட்டார். தாளின் இடப்பாதி வெறுமையாக இருந்தது. ஹேண்டிலும் இல்லை, முன் சக்கரமும் இல்லை.

"முடிஞ்சிருச்சா ஐயா?" என்று டாக்டர் கேட்டார்.

"முடிஞ்சிருச்சு தம்பி. புது வண்டி மாதிரி இருக்குல்ல?"

நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேன்.

சாயங்காலம் பெரிய டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கூட ஆண்கள் யாரும் வரவில்லையா என்று கேட்டார். எதுவாக இருந்தாலும் என்னிடமே சொல்லுங்கள் என்றேன். படத்தை விளக்கில் மாட்டி, வலப்பக்கத்தில் ஒரு வெள்ளையைக் காட்டினார். கோளாறு இடப்பக்கம்தானே, நீங்கள் வலப்பக்கத்தைக் காட்டுகிறீர்களே என்று கேட்டேன். தலைக்குள் அப்படித்தான் அம்மா, மாறித்தான் இருக்கும் என்றார். அது எனக்குத் தெரியாது.

"கழட்டி எடுத்துற முடியாதா?"

"எடுக்க முடியாத எடத்துல இருக்கும்மா."

அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுதவில்லை. கணக்குப் பார்க்க இவரும் சில சமயம் இந்த டைரியை எடுப்பார். தை பிறக்கிற வரைக்குமாவது என்று மட்டும் கேட்டேன். அவர் மேசைமேல் திறந்து கிடந்த பேனாவை எடுத்து மூடினார்.

பஸ்ஸில் இவரை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மாத்திரை பகலுக்கு இரண்டு, ராத்திரிக்கு ஒன்று.


புரட்டாசி 22, புதன்

திருப்பூரிலிருந்து மகள் பத்மா போன். அப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். கண்ணில் கொஞ்சம் கோளாறு, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றேன். தீபாவளிக்கு வருகிறோம் என்றாள். முடிந்தால் முன்னாலேயே வா என்றேன். ஏனம்மா என்றாள். பலகாரம் சுட ஆள் வேண்டும் என்றேன். நாளைக்கே லீவு கேட்கிறேன் என்றாள்.

பேப்பர் தள்ளிக்கொண்டு போகிறேன். ஒரு வீடும் விடவில்லை.


புரட்டாசி 23, வியாழன்

நான் வெளியே போயிருந்தபோது இவர் சைக்கிளை எடுத்து வாசலுக்கு இறக்கப் பார்த்திருக்கிறார். இடது காலில் செருப்பு இல்லை. படியில் இவரும் சைக்கிளும் சாய்ந்து கிடக்கக் கண்டேன். அடி ஒன்றும் பெரிதில்லை. தூக்கி உட்கார வைத்ததும், "இன்னும் நீ சரி பண்ணலையா கோதை?" என்று கேட்டார்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அவர் கண் முன்னாலேயே ஸ்பானரை எடுத்து, நன்றாக இருக்கிற கழுத்தைக் கழற்றி, குண்டுகளைத் துடைத்து, மறுபடி கிரீஸ் வைத்து மாட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நிம்மதியாக இருந்த மாதிரித் தெரிந்தது. பகவானே, வேறு என்ன எனக்குத் தெரியும்?


புரட்டாசி 25, சனி

நாலாம் சனி, கடைசிச் சனி. தளிகையில் குறை வைக்கவில்லை.

இலையைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நுனியை வலப்பக்கம் வைத்து எங்கள் வீடுகளில் யாருக்கும் போட மாட்டோம். காரியத்துக்கு, போனவர்களுக்குப் படைக்கும்போது மட்டும்தான் அப்படிப் போடுவது. பெருமாள் படத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இலையைத் திருப்பிப் போட்டேன். நுனி வலப்பக்கம் வர, அந்த ஓரத்தில் உப்பு, ஊறுகாய், அடுத்துச் சுண்டல், கூட்டு, வடை. இடப்பக்கம் அப்பளமும் பொங்கலும்.

உட்கார்ந்தார். இலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னிக்குத்தான் எல்லாம் வச்சிருக்க" என்றார்.

உப்பைத் தொட்டுக்கொண்டார். ஊறுகாயை வழித்து நக்கினார். சுண்டல் இன்னும் கொஞ்சம் கேட்டார். சர்க்கரைப் பொங்கல் என்றால் உயிரை விடுகிறவர், அதைத் தொடவே இல்லை. அப்பளம் நமுத்துப்போய்க் கிடந்தது. இடப்பக்கம் எப்போதும் போல அப்படியே இருந்தது. திருப்பிப் போட்டாயிற்று. இலையில் ஒரு கோளாறும் இல்லை.

பொங்கல் கரண்டியை எடுத்துக்கொண்டு, சுற்றி வந்து, அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தப் பக்கம் நான் நின்று பரிமாறியதில்லை. பொங்கலை வலப்பக்கமாகத் தள்ளி வைத்தேன். நிமிர்ந்து பார்த்தார். ஊருக்குப் போய்த் திரும்பினவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"வந்துட்டியா? இத்தன நாளா எங்க போயிருந்த?"

இங்கேதான் இருந்தேன் என்றேன்.

இலையை நானே எடுத்து மடித்தேன். ராத்திரிக்கு என் படுக்கையையும் அவருக்கு வலப்பக்கம் மாற்றிப் போட வேண்டும். காலையில் சீக்கிரம் எழ வேண்டும். முன் சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது.